மரத்துப்போன பாதத்திற்குச் சிவப்பு விளக்கா?



மூட்டுவலி, இடுப்புவலி என்று பிசியோதெரபிக்குச் சென்றால் சிவப்பு விளக்கின் சூட்டில் சிறிது நேரம் உட்கார வைப்பார்கள். இப்போது அந்த விளக்கைப் பலர் கடையில் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அது உடலில் என்ன செய்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி, சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து வெப்பமானியால் அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறியது. அதுவே அகச்சிவப்புக் கதிர்.

இக்கதிர் உடலில் பட்டதும் வெப்பமாக மாறுகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த ஓட்டம் கூடுகிறது. இறுகிய தசை தளர்ந்து வலி குறைகிறது. சிவப்புக்கு அடுத்துள்ள கதிர்கள் தோலுக்குள் சில மில்லிமீட்டர் வரை செல்லும். உயிரணுக்களின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியால் தூண்டப்படுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க மருத்துவர்கள் இத்தகைய ஒளியை அளவோடு பயன்படுத்துகிறார்கள்.

அளவு மிஞ்சினால் இதே கதிர் தீங்கு செய்யும். பல ஆண்டுகள் கண்ணாடி உலையின் முன் வேலை செய்தவர்களுக்குக் கண்புரை வந்தது இதற்குச் சான்று.

நாம் பெரிதும் அஞ்சுவது சர்க்கரை நோயாளிகளை எண்ணித்தான். சூடு அதிகமானால் நாம் உடனே காலை இழுத்துக்கொள்வோம். நரம்பு பாதித்து மரத்துப்போன கால் அதை உணராது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். அது ஆறாத புண்ணாகி, காலை எடுக்கும் நிலை வரை கொண்டுபோகலாம். இதனால்தான் விளக்கு வைக்கும் முன், வெந்நீரும் தண்ணீரும் உள்ள குழாய்களைத் தோலில் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று சோதிக்கும் முறை உள்ளது. வீட்டில் இதை யார் செய்கிறார்கள்?

மரத்த பாதத்தில் உணர்வு திரும்பும் என்று சொல்லியும் ஒளிக் கருவிகள் விற்கப்படுகின்றன. ஒளி தரும் கருவியையும் ஒளி தராத போலிக் கருவியையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

எனவே, மருத்துவரைக் கேட்காமல் விளக்கு வாங்காதீர்கள். கால் மரத்தவர்கள் விளக்கு, வெந்நீர்ப் பை இரண்டையும் தவிர்த்து, தினமும் பாதத்தைப் பாருங்கள். உளூச் செய்யும் நேரமே அதற்கு ஏற்ற நேரம். வெந்நீரில் உளூச் செய்தால், அதன் சூட்டை வீட்டார் ஒருவர் முதலில் பார்த்துக் கொடுக்கட்டும்.

நோய்க்கு மருத்துவம் தேடுவது நபிவழி. உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதைப் பேணிக் காக்க அவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.