மனை வாங்கும் முன் தண்ணீரின் வழியைக் கேட்போம்



நம் அறக்கட்டளையின் வீட்டு நிதியிலிருந்து எட்டு விதவைக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தோம். "இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னீர்களே, ஏன் வாங்கவில்லை?" என்று ஜும்ஆவுக்குப் பிறகு பலர் கேட்கிறார்கள். கேட்பது அவர்களுடைய உரிமை. நிதி உங்களுடையது, எங்களிடம் இருப்பது அமானிதம். அந்தப் பதிலை இந்த மாதப் பாடமாகவே எழுதுகிறோம். மனை வாங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இது பயன்படும்.

கீழ்பென்னாத்தூருக்கு வெளியே, ஓர் ஏரியை ஒட்டி அந்த இடம் வந்தது. விலை மற்ற இடங்களில் பாதிதான். பட்டா இருந்தது. மனைப்பிரிவு அங்கீகாரம் சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள். சித்திரை மாதம் போய்ப் பார்த்தோம். தரை காய்ந்து கிடந்தது, ஆடுகள் மேய்ந்தன. அட்வான்ஸ் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். பக்கத்து நிலத்தில் இருந்த வயதான விவசாயி ஒருவர்தான் எங்களை நிறுத்தினார். 2024 புயல் மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றதாகவும், அது ஏரியின் உள்வாய் என்றும் சொன்னார். பிறகு புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். மனைப்பிரிவு வரைபடத்தில் சாலை என்று காட்டிய இடத்தில், புல வரைபடத்தில் ஒரு வரத்துக்கால்வாய் ஓடியது.

விற்றவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இருந்தது நாம்தான்.

பள்ளிக்கரணை சொல்லும் பாடம்

சென்னையின் தெற்கே இருக்கும் பள்ளிக்கரணையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரி நீர் வந்து தேங்கும் தாழ்வான சதுப்பு நிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேர வேண்டும். மழை பெய்யும்போது வெள்ளத்தை வாங்கிக்கொண்டு மெல்ல விடுவதும், மழை நின்றபின் நிலத்தடிக்கு நீர் ஊட்டுவதும் அதன் வேலை. மக்கள் அதைக் கழுவெளி என்றார்கள். அரசாங்கக் கணக்கில் அது நெடுங்காலம் பயனற்ற தரிசாகவே பார்க்கப்பட்டது. பயனற்றது என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும், குப்பைக் கிடங்கும் சாலையும் கட்டடங்களும் தாமாக வந்துவிடும். ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியிருந்த அந்த நிலத்தில் மிஞ்சியது சிறு பகுதிதான்.

மிஞ்சியதைக் காக்க, 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. ராம்சார் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். 1971 பிப்ரவரி 2 அன்று சதுப்பு நிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தம் அங்கேதான் உருவானது. இந்தியா 1982 முதல் அதில் உறுப்பு நாடு.

ஆனால் எல்லை எது என்று தரையில் அளந்து குறிக்கும் வேலை தாமதமானது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அந்த அளவீடு முடியும்வரை ராம்சார் தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது. அடுத்த மாதம், பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடித் திட்டம் சதுப்பு நிலத்துக்குள் வருகிறது என்று அறப்போர் இயக்கம் குற்றம் சாட்டியது. அது பட்டா நிலம் என்று மறுதரப்பில் பதில் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பணிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு பாடம்: பட்டா இருப்பது வேறு, அந்த இடம் வீடு கட்டத் தகுந்தது என்பது வேறு.

அரசே ஒதுக்கிய மனை என்றாலும் இதே கதைதான். உத்தரப் பிரதேசத்தில் குளத்து நிலத்தை வீட்டு மனையாக ஒதுக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே தீர்ப்பளித்தது. நம் மாநிலத்தில் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே வந்தது.

தாழ்ந்த இடம் யாருக்கு?

பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்ற பெயர்களை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். சென்னை நகருக்குள் கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்த பல ஆயிரம் குடும்பங்களை, வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அரசு அங்கேதான் குடியமர்த்தியது. 2015 வெள்ளத்தில் அந்தக் குடியிருப்புகளையும் தண்ணீர் சூழ்ந்தது. செம்மஞ்சேரி மக்கள் அதன் பிறகும் மழைக்காலம் வந்தால் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் கட்டினாலும் தாழ்ந்த இடம் தாழ்ந்த இடம்தான். விலை குறைவான நிலம் ஏழைகளுக்கு என்று ஆகிவிடுகிறது, விலை ஏன் குறைவு என்று யாரும் கேட்பதில்லை. நாமும் அந்தத் தவறைத்தான் செய்ய இருந்தோம்.

2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டின் மீது மண் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. மலையடியானாலும் ஏரி உள்வாயானாலும், மழைத் தண்ணீர் தன் வழியைத் தேடி வரத்தான் செய்யும்.

தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பிறருக்குத் தீங்கு செய்வதையும் தடுத்தார்கள். வரத்துக்கால்வாயை அடைத்து நாம் வீடு கட்டினால் நம் வீட்டில் மட்டும் தண்ணீர் நிற்காது. ஏரிக்கு நீர் வராமல் ஆயக்கட்டு விவசாயியின் வயல் காயும், ஊர்க் கிணறுகள் வற்றும். நம்மை எச்சரித்த அந்தப் பெரியவரின் வயலும் அதில் ஒன்று. ஏழைக்கு வீடு கொடுத்த நன்மையை, இன்னொரு ஏழையின் தண்ணீரைப் பறித்துச் சம்பாதிக்க முடியாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். பக்கத்துப் புல எண்களையும் பாருங்கள்.

2. புல வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும் மனைப்பிரிவு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வாய்க்கால் எங்காவது சாலையாக மாறியிருக்கிறதா?

3. தாய்ப்பத்திரமும் முப்பது வருட வில்லங்கச் சான்றும் கேளுங்கள்.

4. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். "வந்துவிடும்" என்ற சொல் அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தபின் தவித்தவர்கள் நம்மிலும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும்.

5. ஏரியின் கலங்கல் எங்கே, உபரி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று நேரில் பாருங்கள். மனை கலங்கல் மட்டத்துக்குக் கீழே இருந்தால் மண் கொட்டி உயர்த்துவது தீர்வல்ல. தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

6. ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த ஊர்ப் பெரியவர் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

இனி என்ன?

எட்டுக் குடும்பங்களையும் அழைத்து நடந்ததைச் சொன்னோம். ஒரு சகோதரி கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது. தண்ணீர் வருவது வருடத்தில் பத்து நாள், வாடகை வருவது பன்னிரண்டு மாதம் அல்லவா என்றார். எங்களிடம் உடனே பதில் இல்லை. அவர் சொன்னதும் உண்மைதான். பாதுகாப்பு என்று சொல்லி அவர்களைக் காக்க வைப்பதும் ஒரு பாரமே. ஆகவே, வீடு முடியும்வரை அந்தக் குடும்பங்களின் வாடகையில் பாதியை நிதியிலிருந்து கொடுப்பதென்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. எட்டு வீடுகளை ஒரே இடத்தில் கட்டுவதற்குப் பதில், மேட்டு நிலத்தில் இரண்டிரண்டாகக் கட்டும் யோசனையும் இருக்கிறது. செலவு கூடும். உங்கள் உதவி தேவைப்படும்.

கலந்து பேச: நம் தெருவின் மழைத் தண்ணீர் எந்த வாய்க்காலில் சேர்ந்து எந்த ஏரிக்குப் போகிறது? அந்த வாய்க்கால் இன்று திறந்திருக்கிறதா? நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மேட்டு நிலம் யாரிடமாவது இருந்தால் அலுவலகத்தில் தெரிவியுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை ஆவணங்களோடு, அந்த ஊர்ப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்