வெங்காயத்தாமரையா, கல்வாழையா?

மேட்டூர் திறக்கும் முன் தஞ்சை, திருவாரூர் வாய்க்கால்களைத் தூர்வாரும்போது சேற்றோடு வெங்காயத்தாமரையும் கரையேறும். ஊர்ச் சாக்கடையும் வயலிலிருந்து வடியும் உரமும்தான் அதற்குத் தீனி. அதையே கழிவுநீர்க் குட்டையில் வளர்த்து எரிவாயு எடுத்தால் என்ன?

1970களில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் நாசா விஞ்ஞானி பில் வோல்வெர்டன் அதைச் செய்தே காட்டினார். தண்ணீரும் தெளிந்தது, மீத்தேனும் கிடைத்தது. ஆனால் செடியில் சுமார் 95 சதவீதம் நீர். ஒரு டன் பச்சைச் செடியில் உலர்பொருள் 50 கிலோ தேறும். அதை நறுக்கி, சாணம் கலந்து, நன்றாக நொதிக்க வைத்தாலும் ஒரு சமையல் சிலிண்டருக்கு ஈடாகாது. அறுக்காமல் விட்டாலோ, அழுகி, உறிஞ்சிய சத்தைத் தண்ணீருக்கே திருப்பிவிடும். வேரில் ஒட்டி வளரும் மான்சோனியா கொசு யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. கும்பகோணத்துக்காரர்களுக்கு அந்த நோயைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி வெள்ளத்தில் குட்டை வழிந்தால் செடி நேரே மதகை அடைக்கும்.

மீன்குட்டை உள்ள ஊர் டக்வீட் என்னும் பொடி மிதவைச் செடியை யோசிக்கலாம். வங்கதேசத்தின் மிர்சாபூரில், குமுதினி மருத்துவமனை வளாகக் கழிவுநீரில் இதை வளர்த்துக் கெண்டை மீனுக்குப் போட்டார்கள். இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும், புரதமும் அதிகம். எரிப்பதைவிடத் தீனியாக்குவதே லாபம். ஆனால் அங்கே குட்டையின் பரப்பு சுமார் 0.6 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை மா. நாள்தோறும் வாரி எடுக்க ஆளும் வேண்டும்.

இன்னொரு மிதவைச் செடியான அசோலா காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. வயலுக்கும் மாட்டுக்கும் நல்லது, சாக்கடைக்கு உதவாது.

சில பத்து வீடுகள் கொண்ட தெருவுக்குப் பொருந்துவது ஜல்லிப் படுகைதான். மூடிய தொட்டிகளில் காற்றில்லாமல் கசடு செரித்தபின், கல்வாழையோ சம்போ நட்ட ஜல்லிக்குள் நீர் ஊர்ந்து போகும். மேலே நீர் நிற்காததால் கொசுவுக்கு இடமில்லை. புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் இம்முறை இயங்குகிறது. வண்டல் மண்ணான டெல்டாவுக்கு ஜல்லி வெளியிலிருந்துதான் வர வேண்டும், பெருஞ்செலவு அதுவே. சில ஆண்டுக்கு ஒருமுறை அடைப்பெடுத்துக் கழுவவும் வேண்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊரில் தரையையும் கரையையும் பூசாமல் கட்டக்கூடாது.

எரிவாயுதான் முக்கியம் என்றால் செடியை நம்பாமல், கழிப்பறைக் கழிவை மட்டும் சாணத்தோடு தனிக் கலனில் விடலாம். குளிக்கும் நீர் கலந்தால் நீர்த்துப்போகும். படுகையிலிருந்து வரும் நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். கிருமி முழுதும் போயிருக்காது என்பதால் கீரைப் பாத்திக்கு வேண்டாம்.