அன்றாடக் காருக்கும் பந்தயத் தடத்துக்கும் பொருந்தும் சஸ்பென்ஷன்

வாரம் முழுவதும் அலுவலகம் செல்லும் காரையே ஆண்டுக்கு ஓரிரு முறை சென்னை அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவோர், பின்வரும் வரிசையில் செலவிடுவது நலம்.

1. புதிய பாகம் வாங்குமுன் ரப்பர் புஷ்களையும் பால் ஜாயின்ட்களையும் சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றுக. இணைப்புகள் தளர்ந்த காரில் விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரும் பயன் தராது.

2. ஸ்பிரிங்கைவிட ஷாக் அப்சார்பருக்கே முதலிடம் தருக. எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர் என்பதால், கடினமான ஸ்பிரிங்கைப் பழைய ஷாக் அப்சார்பருடன் பொருத்தினால், வேகத்தடையைத் தாண்டிய பின்னும் கார் இரண்டு மூன்று முறை குதிக்கும். திருகி இறுக்கத்தை மாற்றும் வகை கிடைத்தால் அதையே தேர்க. சாலையில் மென்மையாகவும் தடத்தில் சற்றே இறுக்கமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

3. உயரத்தை 25 முதல் 30 மி.மீ.க்கு மேல் குறைக்க வேண்டாம். அதற்கு மேல் தாழ்த்தினால், சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் உள்ள பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பில் அது எளிதில் முட்டும்; வளைவின் நடுவே முட்டினால், டயரின் பிடி திடீரென விட்டுப்போகும். (நம் தெருக்களின் வேகத்தடையில் அடிப்பகுதி உரசுவது தனிக்கதை.)

4. முன்சக்கர இயக்கக் காராயின், வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரைப் பின்பக்கம் சற்றே தடித்ததாக மாற்றுக. வளைவில் மூக்கு வெளிப்புறம் விலகுவது குறையும். மிகத் தடித்தால் மழையில் பின்பக்கம் சறுக்கும்.

5. இறுதியில் வீல் அலைன்மென்ட் செய்க. உயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறி, டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும்.