உணவுப் பழக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

மருத்துவமனையில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் ‘உணவு வகை’ என்றொரு கட்டம் இருப்பதுண்டு. பெரும்பாலோர் அதில் ‘வெஜிடேரியன்’ என்றோ ‘நான்-வெஜ்’ என்றோ எழுதிவிட்டு அடுத்த கட்டத்திற்குச் சென்றுவிடுகின்றனர். எழுதியவரும் படிப்பவரும் அச்சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொள்ள இடமுண்டு. ஆகவே இச்சொற்களின் பொருளை அறிந்து வைத்திருப்பது பயன் தரும்.

விலங்குகளுக்கு உரிய சொற்கள்

ஹெர்பிவோர் – தாவர உண்ணி: பசு, மான், யானை.
கார்னிவோர் – ஊன் உண்ணி: புலி, பூனை.
ஆம்னிவோர் – அனைத்துண்ணி: காகம், கரடி, பன்றி.
இன்செக்டிவோர் – பூச்சியுண்ணி: எறும்புத்தின்னி.

இவற்றின் ஈற்றிலுள்ள ‘வோர்’, ‘விழுங்குதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இச்சொற்கள் உடலின் இயல்பைக் குறிக்கின்றன. பூனை தனக்கு வேண்டிய டாரின் என்னும் சத்தை ஊன் உணவிலிருந்தே பெறுகிறது. அதனால் அது ஊன் உண்ணியாகவே வாழ்கிறது. மனித உடலோ இருவகை உணவையும் செரிக்க வல்லது. இறைச்சியைத் தொட்டே அறியாதவரும் உயிரியல் நோக்கில் ஆம்னிவோரே.

மனிதர்க்கு உரிய சொற்கள்

‘ஏரியன்’ என முடியும் சொற்கள் ஒருவர் தாமே மேற்கொண்ட பழக்கத்தைக் குறிப்பவை.

வெஜிடேரியன்: இறைச்சியும் மீனும் உண்ணாதவர். 1847இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட சங்கம் ஒன்றினால் இச்சொல் பரவியது. ஆங்கிலேயர் வழக்கில் இவர் பாலும் முட்டையும் உண்ணக்கூடும். நம் நாட்டிலோ முட்டை அசைவம்.

லாக்டோ-வெஜிடேரியன்: பால் உண்டு, முட்டை இல்லை. நாம் ‘சைவம்’ என்பது பெரும்பாலும் இதுவே.

பெஸ்கடேரியன்: இறைச்சியை விலக்கி, மீனை உண்பவர்.

வீகன்: பால், தயிர், நெய், முட்டை, தேன் அனைத்தையும் விலக்குபவர். 1944இல் இங்கிலாந்தில், டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் வெஜிடேரியன் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் இணைத்து இதனை உருவாக்கினர். தமிழில் ‘நனிசைவம்’ என்பர்.

சிகிச்சையில் இதன் முக்கியத்துவம்

முதலாவது, வைட்டமின் பி12. இது இயற்கையில் விலங்குவழி உணவுகளிலேயே போதிய அளவு கிடைக்கிறது. சைவ உணவினர்க்கும், குறிப்பாக வீகன் உணவினர்க்கும், இதன் குறைபாடு நேரலாம். இரத்தசோகை, கைகால் மரத்துப்போதல், மறதி ஆகியவை இதன் அறிகுறிகள். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்கும் பி12 குறையக்கூடும். உங்கள் உணவுப் பழக்கம் தெரிந்தால், மருத்துவர் உரிய நேரத்தில் பரிசோதனைக்குப் பரிந்துரைப்பார்.

இரண்டாவது, மருந்து உறைகள். பல கேப்ஸ்யூல்களின் உறை, விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படும் ஜெலட்டினால் ஆனது. இது உங்களுக்கு ஏற்புடையதன்று எனில் மருத்துவரிடம் கூறி மாற்று மருந்து உண்டா எனக் கேளுங்கள். தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது.

மூன்றாவதே மிக முக்கியமானது: விருப்பம் வேறு, ஒவ்வாமை வேறு. முட்டையோ பாலோ ஒவ்வாத ஒருவர் ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் அந்த ஆபத்து எவருக்கும் தெரியாமற்போகும். பால் ஒவ்வாதவருக்குத் தயிர்ச்சோறு வந்து சேரவும் கூடும். ஒவ்வாமையைத் தனியே, தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

எவ்வாறு கூற வேண்டும்?

வகைப்பெயரோடு நில்லாமல் பொருள்களின் பெயரையும் சேர்த்துக் கூறுங்கள்: “சைவம், பால், தயிர் உண்பேன், முட்டை கலந்த கேக்கும் உண்ணமாட்டேன்.” “அசைவம், ஆனால் இறால் ஒவ்வாது, உண்டால் உடல் தடிக்கும்.”

நோயாளி பேச இயலாத நிலையில் இவ்விவரங்களைக் கூற வேண்டியவர் உடனிருப்பவரே. அவற்றை இன்றே கேட்டு, ஒரு தாளில் எழுதி, மருத்துவக் கோப்புடன் வைத்துக்கொள்ளுங்கள்.