ஆறாம் வாய்பாட்டில் ஒரு பை

வாய்பாடு ஒப்பிக்கச் சொன்னால் தலைகுனியும் மாணவி ஒருத்தி, கைவேலை வகுப்பில் குரோஷா ஊசியை எடுத்தால் நிமிர்ந்து உட்காருவாள். அவளுக்காகத்தான் குள்ளஞ்சாவடியில் இந்தச் செயல்பாட்டைத் தொடங்கினேன்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. துணிப்பையின் இடத்தில், மாணவர்கள் தாமே பின்னிய பருத்திப் பையும் இருக்கலாமே!

தேவையானவை: 4 மி.மீ. குரோஷா ஊசி, மூன்று நிறப் பருத்தி நூல்.

அடிப்பகுதி: முதல் சுற்றில் 6 கண்ணிகள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னினால் 12. பிறகு சுற்றுக்கு 6 கண்ணிகளைச் சம இடைவெளியில் கூட்டினால் 18, 24, 30 என வளர்ந்து, 16-ஆம் சுற்றில் 96 ஆகும்.

பக்கச் சுற்று: இனி கண்ணிகளைக் கூட்டக் கூடாது. அதே 96 கண்ணிகளையே பின்னிவர, பை மேலே எழும். நான்கு சுற்றுக்கு ஒருமுறை நிறம் மாற்றினால் வண்ணக் கோடுகள் விழும்.

கைப்பிடி: 36 கண்ணிகள் பின்னி, 40 சங்கிலிகள் போட்டு, 12 கண்ணிகளைத் தாண்டி இணைக்க வேண்டும். இதையே மறுபுறமும் செய்து, மேலே இரண்டு சுற்றுகள் பின்னினால் பிடி உறுதியாகும். 36-ஐயும் 12-ஐயும் இருமுறை கூட்டி 96 வருகிறதா என மாணவர்களே சரிபார்க்கட்டும்.

அந்த மாணவியின் அடிப்பகுதி கிண்ணம்போல் குழிந்தது. பிரித்துத் தரக் கை நீட்டினேன். "இருங்க டீச்சர், எண்ணிப் பாக்குறேன்" என்றாள். ஏழாம் சுற்றில் 42 இருக்க வேண்டிய இடத்தில் 36 மட்டுமே இருந்ததை அவளே கண்டுபிடித்தாள். ஆறேழு எத்தனை என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை.