எந்தப் பொருளுக்கு எந்த ஸ்ப்ரே?

ஸ்ப்ரே கேன் வாங்கும்போது பெரும்பாலோர் மூடியின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த நிறம் எத்தனை நாள் நிற்கும் என்பது உள்ளே இருக்கும் பெயிண்டின் வகையைப் பொறுத்தது. அடிக்கப்போகும் பொருள்மேல் தினமும் படப்போவது வெயிலா, மழையா, கையா, பெட்ரோலா? அதை முதலில் யோசியுங்கள்.

கடைகளில் அதிகம் கிடைப்பது 400 மில்லி அக்ரிலிக் கேன். சீக்கிரம் காயும், வெயிலில் எளிதில் மஞ்சளாகாது. பூந்தொட்டி ஸ்டாண்டு, போட்டோ பிரேம் போன்றவற்றுக்கு இதுவே போதும். ஆனால் தின்னரோ பெட்ரோலோ பட்டால் மறுபடி இளகிவிடும். பைக் டேங்குக்கு இதை மட்டும் அடித்தால், பெட்ரோல் சிந்திய இடத்தில் நிறம் குழைந்துபோகும்.

ஜன்னல் கிரில், கேட், மடக்கு நாற்காலி என்று கை படும் இரும்புக்கு எனாமல்தான் என் தேர்வு. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும்; முழுதாகக் கெட்டிப்பட நாட்கள் ஆகும். முதல் பூச்சு அரைகுறையாக இறுகியிருக்கும்போது அடுத்ததை அடித்தால் மேல்தோல் சுருங்கிவிடும். எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று கேனிலேயே போட்டிருக்கும். தயவுசெய்து படியுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் மட்டும் எனாமலை நேராக அடிக்காதீர்கள். துத்தநாகத்தோடு வினைபுரிந்து செதில் செதிலாக உரியும். அங்கே எட்ச் பிரைமரும் அக்ரிலிக்கும்தான் சரி.

மூன்றாவது, டூ-கே. கேனுக்கு அடியிலுள்ள குமிழை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் கலக்கும். மூன்றிலும் உறுதியானது இதுதான், பெட்ரோலையும் தாங்கும். ஆனாலும் வீட்டில் அடிக்க வேண்டாம் என்பேன். பெரும்பாலான டூ-கே ஹார்டனர்களில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. டேங்கை பெயிண்டிங் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் பல பாலிபுரோப்பிலீன். அதற்கென்றே உள்ள பிரைமர் இல்லாவிட்டால் எந்த ஸ்ப்ரேயும் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும்.

எந்த கேனை எடுத்தாலும் ஆயுளைத் தருவது அடிவேலைதான். துருவின் மேலேயே அடித்தால் அது உள்ளே வளர்ந்து பெயிண்டைத் தூக்கிவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். பிறகு கேனை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை. ஒரே முறையில் தடிமனாக அடித்தால் வழியும். கேனுக்குள் இருக்கும் வாயு தீப்பற்றும். அதனால் அடுப்பிலிருந்து விலகி, மொட்டைமாடியில் காற்றோட்டமாக அடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரக்காற்றில் அக்ரிலிக் பால்போல் வெளுத்துவிடும். மாசி வரை பொறுத்திருந்து, வெயில் ஏறுமுன் காலையில் அடியுங்கள்.