கஞ்சியும் பனிப்பூவும்

பழவேற்காட்டில் பனிமழை பெய்ததில்லை. மார்கழி விடியலில் ஏரியின்மேல் படர்ந்து தோணியின் முனையைக்கூட மறைத்துவிடும் மூடுபனி ஒன்றே நாங்கள் அறிந்த பனி. ஆயினும் டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னைக் கடைவீதிகளில் வெள்ளை நூலால் பின்னிய ஆறுமுனைப் பனிப்பூக்கள் தொங்குவதைக் காணலாம். கிறிஸ்துமஸ் மரத்திலும் சன்னலிலும் கட்டுவதற்காக அவற்றை வாங்குகின்றனர். 1515இல் போர்த்துகீசியர் எழுப்பியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் உள்ள ஊர் எங்களுடையது. ஆகவே கிறிஸ்துமஸ் எங்களுக்குப் புதிதன்று, பனிப்பூதான் புதிது.

குரோஷா ஊசி கொண்டு இப்பூக்களைப் பின்னி விற்கும் முயற்சியில் எங்கள் குப்பத்துப் பெண்கள் சிலர் ஈடுபட்டிருக்கின்றனர். மீன்பிடிக்கும் ஊரில் இவ்வேலை எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஏரியில் வலை விரிக்கும் உரிமையைப் 'பாடு' என்னும் முறைப்படி பங்கிட்டுக் கொள்வது எங்கள் வழக்கம். அந்த முறை ஆண்களுக்கே உரியது. ஐப்பசி, கார்த்திகையில் புயற்சின்னம் என்றால் தோணிகள் கரையேறிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதுவே நிலை. மீன் இல்லையேல் கூடை சுமந்து விற்கும் பெண்ணுக்கும் அன்று வருவாய் இல்லை. பனிப்பூ விற்பனையோ அதே மழை மாதங்களில்தான் நடைபெறுகிறது.

நூலுக்கும் பழவேற்காட்டுக்கும் உள்ள உறவு பழையது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியது துணி வணிகத்திற்காகவே. இங்கிருந்து கப்பலேறிய துணிகளைக் கொடுத்துத்தான் கீழைத் தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்கினார்கள். வண்ணக் கைக்குட்டை ஒன்றுக்கு ஆங்கில அகராதியில் எங்கள் ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. கோட்டை இன்று இடிபாடு. நூல் என்றால் இப்போது எங்களுக்கு வலைநூல், அதுவும் நைலான்.

வலையும் குரோஷாவும் பார்வைக்கு உறவு போலத் தோன்றினாலும் அடிப்படை வேறு. வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் ஆனது. ஒரு கண் அறுந்தாலும் பக்கத்துக் கண் நிற்கும். குரோஷாவில் முடிச்சே கிடையாது. ஒரே நூல், வளையத்திற்குள் வளையமாக நுழைந்து செல்கிறது. கடைசிக் கண்ணியைக் கழற்றி நூல்முனையை இழுத்தால் ஒரு மணி நேர உழைப்பு ஒரு நிமிடத்தில் வெறும் நூலாகிவிடும். "முடிச்சே போடலையே, இது எப்படி நிக்கும்?" என்று என் அம்மா கேட்டார். வலை பழுது பார்த்துப் பழகிய கைக்கு அது நியாயமான கேள்வி.

பூவுக்கு ஏன் ஆறு முனை? 1611இல் கெப்ளர் இதே கேள்வியை எழுப்பி, புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறுநூலே எழுதினார். விடையின் அருகில் சென்றாரேயன்றி அணுவியல் அறியாத காலமாதலால் முடிக்க இயலவில்லை. அமெரிக்காவில் வில்சன் பென்ட்லி என்ற உழவர் 1885இல் நுண்ணோக்கி வழியே பனிப்படிகத்தைப் படம்பிடித்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். ஜப்பானிய அறிஞர் நகாயா 1936இல் முயல்முடி ஒன்றின்மேல் செயற்கையாகவே பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். இன்று நாம் அறிவது இது: பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. அவ்வாறு பற்றும்போது அவை ஆறு ஆறாக வளையம் அமைக்கின்றன. அந்த அறுகோணமே வளர்ந்து நம் கண்ணுக்குப் பனிப்பூவாகத் தெரிகிறது.

எனவே எட்டு முனைப் பனிப்பூ இயற்கையில் இல்லை. மேசைவிரிப்பு பின்னிப் பழகிய பெண்கள் முதலில் எட்டு முனையே போட்டார்கள். வாங்குபவர் எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்பது உண்மையே. ஆயினும் நான் ஆறில் பிடிவாதமாக இருந்தேன். செய்முறை எளிது. ஆறு சங்கிலிக் கண்ணிகளை இணைத்து வளையமாக்கவேண்டும். அதனுள் பன்னிரண்டு உயரப் பின்னல்கள். இரண்டுக்கு ஒன்றாக ஆறு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் மூன்று சிறு வளையங்கள். பின்னி முடித்ததும் அது கசங்கிய இட்லித்துணி போலத்தான் கிடக்கும். வட்டம் வரைந்த காகிதத்தை அட்டைமேல் வைத்து, அதன்மீது பிளாஸ்டிக் தாள் பரப்பி, நனைத்த பூவை இழுத்துக் குண்டூசியால் குத்தவேண்டும். கவராயத்தை ஆரத்தின் அளவிலேயே வைத்து வட்டத்தைச் சுற்றிவந்தால் சரியாக ஆறு புள்ளிகள் கிடைக்கும். குண்டூசி துருப்பிடிக்காததாக இருத்தல் அவசியம். எங்கள் ஊர்க் காற்றில் இரும்பு ஊசி ஓரிரவில் வெள்ளைப் பூவில் செம்புள்ளி வைத்துவிடும்.

இனி விறைப்புக்கு வருவோம். வேட்டிக்குப் போடும் கஞ்சியைத்தான் பெண்கள் முதலில் பயன்படுத்தினர். ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, ஒரு குவளை அளவுக்குக் காய்ச்சினார்கள். ஏறத்தாழ 70 டிகிரி வெப்பத்தில் மாவுத்துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து உடைய, உள்ளிருக்கும் அமைலோஸ் சங்கிலிகள் வெளிவருகின்றன. வியப்பு என்னவென்றால் அமைலோசும் பருத்தியின் செல்லுலோசும் குளுக்கோஸ் என்ற ஒரே செங்கல்லால் கட்டப்பட்டவை. இணைக்கும் விதம் மட்டுமே வேறு: அங்கே ஆல்ஃபா பிணைப்பு, இங்கே பீட்டா பிணைப்பு. சோறு செரிப்பதும் பஞ்சு செரியாததும் இந்த ஒரு வேறுபாட்டால். கஞ்சி உலரும்போது இரண்டின் ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுகின்றன. மெல்லிய நூல் கம்பிபோல் நிற்கிறது. வானத்துப் பனிப்பூவை ஆறுமுனையாக்கும் அதே பிணைப்புத்தான் நூற்பூவையும் நிமிர்த்துகிறது!

இங்குதான் சிக்கல். ஹைட்ரஜன் பிணைப்பு நீரையும் விரும்பும். ஈரக்காற்றின் நீராவி சங்கிலிகளுக்கிடையே நுழைந்து தானே பற்றிக்கொள்ள, அமைலோசும் செல்லுலோசும் கைநழுவுகின்றன. கார்த்திகை மழையில், மூன்றுபுறமும் நீர் சூழ்ந்த எங்கள் குப்பத்தில் கஞ்சிப்பூ இரண்டே நாளில் வாடிய வெற்றிலையாயிற்று. கிணற்றுநீர் உப்பாயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கடலுப்புடன் வரும் மக்னீசியம் குளோரைடு தானே காற்றின் ஈரத்தை இழுக்கும். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து என்பது வேறு. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகளுக்கு இத்தொல்லை இல்லை. ஓலையில் செல்லுலோசுடன் லிக்னினும் இருப்பதால் அது தானே நிற்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "படிக்கிற பிள்ளை சொல்லட்டும்" என்று சித்தி ஒரு தட்டு நிறையத் துவண்ட பூக்களை என் முன் வைத்தார். மேல்நாட்டில் சர்க்கரைப் பாகிலும் தோய்ப்பதுண்டு. எறும்பு மிகுந்த நம் ஊருக்கு அது ஆகாது. நான் சொன்னது தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை. 1959இல் ஃபெவிகால் என்ற பெயரில் நம் நாட்டில் வந்த பசை அத்தகையதே. பாலிவினைல் அசிடேட் என்னும் பலபடியின் நுண்துளிகள் நீரில் மிதக்கும் குழம்பு அது. நீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று கலந்து தொடர்ந்த படலமாகின்றன. அமைலோசைப் போல ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்ததன்று ஆதலால் வெறும் ஈரக்காற்றுக்கு எளிதில் இளகுவதில்லை. பசையும் நல்ல நீரும் சமபங்கு கலந்து தோய்த்த பூக்கள் அந்த மழைக்காலம் முழுவதும் நிமிர்ந்தே நின்றன. கஞ்சிக்கும் ஒரு பெருமை உண்டு: அழுக்கேறினால் துவைத்து மறுபடி விறைப்பேற்றலாம். பசைப்பூவை அவ்வாறு செய்ய முடியாது. ஆகவே வீட்டுக்குக் கஞ்சி, விற்பனைக்குப் பசை.

விற்பனை என்றதும் விலையைப் பேசியாக வேண்டும். ஒரு வியாபாரி பூவுக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொன்னார். நூலும் பசையும் போக மிஞ்சுவது ஒரு மணி நேரக் கூலி என்று சொல்லவே கூச்சமாயிருக்கிறது. ஊசிநூல் பின்னலில் இது புதிய கதையன்று. 1819இல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அங்குப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகள் எலிசா கால்டுவெல் இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார். அது உருளையில் சுற்றிய நூல்களால் பின்னும் லேஸ். ஆந்திரத்து நரசாபுரத்தில் வளர்ந்ததோ எங்களுடையதைப் போன்ற குரோஷா லேஸ். 2024இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. அந்த நரசாபுரத்துப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியலார் 1982இல் ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்கே பின்னினாலும் அப்பெண்கள் வெறும் இல்லத்தரசிகளாகவும் அவர்கள் வேலை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவும் கருதப்பட்டனர், கூலி குறைந்ததற்கு அதுவே வழியாயிற்று என்பது அந்நூலின் வாதம். இதைத் தமிழில் சொன்னபோது சித்தி பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

இவ்வாண்டு இருபது ரூபாய்க்குக் குறைந்து எவரும் தனியாக விற்பதில்லை என்று பின்னும் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். வியாபாரி இன்னும் பதில் சொல்லவில்லை. பசை தோய்த்த நாற்பது பூக்கள் எங்கள் வீட்டுப் பரணில் தயாராக இருக்கின்றன.